பேராயர் குரலும் நாடாளுமன்றமும்: சாதி வழக்கின் இருநூறு ஆண்டுகள்

சேலத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையிலான இருப்புப்பாதையில் அமைந்த சாமல்பட்டி, பழைய பாராமகால் நாட்டின் ஓர் ஊர். 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு மாறிற்று. அலெக்சாந்தர் ரீடும் அவருக்குத் துணையாக வந்த தாமஸ் மன்றோவும் ஊர்தோறும் சென்று நிலத்தை அளந்து தீர்வை விதித்தனர். அன்றுதொட்டு ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இம்மண்ணின் உழவரைக் கட்டுப்படுத்திய சட்டங்களுக்கு ஊற்றுக்கண் இலண்டன் மாநகரின் நாடாளுமன்றமே.

அந்நாடாளுமன்றத்தின் மேலவையில் நிலப்பிரபுக்களோடு சமயத் தலைவர்களும் வீற்றிருந்தனர், இன்றும் வீற்றிருக்கின்றனர். இறைவனின் பெயரால் இருக்கை பெற்ற அவர்கள், இருக்கையே இல்லாத எளியோருக்காகப் பேசினார்களா? பேசியபோது அப்பேச்சு பயன் தந்ததா? தமிழர்க்கு இவ்வினா வெறும் அயல்நாட்டு வரலாறு அன்று. சாதி என்னும் நம் வீட்டுச் சிக்கலை இருநூறு ஆண்டுகளாக ஆங்கிலிக்கப் பேராயர்கள் தொட்டும் விட்டும் வந்துள்ளனர். அவ்வழக்கு தஞ்சையில் ஒருமுறையும் இலண்டனில் மறுமுறையும் உச்சம் கண்டது. அவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவையில் இருபத்தாறு இருக்கைகள்

பிரித்தானிய நாடாளுமன்றத்தின் மேலவையாகிய பிரபுக்கள் அவையில் இங்கிலாந்துத் திருச்சபையின் பேராயர்கள் 26 பேர் பதவி வழியாகவே உறுப்பினராவர். காண்டர்பரி, யார்க் ஆகிய இரண்டின் தலைமைப் பேராயர்களும், இலண்டன், டர்ஹாம், வின்செஸ்டர் பேராயர்களும் என்றும் இடம் பெறுவர். எஞ்சிய 21 இடங்களும் பணி மூப்பால் நிரப்பப்பெற்று வந்தன. 2015இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் பெண் பேராயர்களுக்கு முன்னுரிமை தந்தது. அவ்வாண்டிலேயே குளோஸ்டர் பேராயர் ரேச்சல் டிரீவீக் அவை புகுந்தார். இவர்கள் எக்கட்சியையும் சாராதவர்கள். ஒவ்வொரு நாளும் அவை தொடங்கும்போது இவர்களுள் ஒருவரே இறைவேண்டல் செய்விப்பார்.

இவ்விருக்கை நல்லதற்கும் பயன்பட்டது, அல்லதற்கும் பயன்பட்டது. 1831 அக்டோபரில் வாக்குரிமைச் சீர்திருத்த மசோதா பிரபுக்கள் அவைக்கு வந்தது. 158 பேர் ஆதரிக்க, 199 பேர் எதிர்க்க, மசோதா தோற்றது. எதிர்த்தோருள் 21 பேர் பேராயர்கள். அந்த இருபத்தொருவரும் ஆதரித்திருந்தால் ஒரே ஒரு வாக்கு மிகுதியால் மசோதா வென்றிருக்கும். கொதித்தெழுந்த மக்கள் பிரிஸ்டல் நகரில் பேராயர் மாளிகையைத் தீக்கிரையாக்கினர்.

இதன் மறுபக்கத்தையும் காணவேண்டும். இரண்டாம் உலகப்போர் உச்சத்திலிருந்த 1944 பிப்ரவரியில், செர்மானிய நகரங்கள்மீது வேறுபாடின்றிக் குண்டு பொழிவது அறமாகுமா என்று தம் நாட்டு அரசையே நோக்கி வினவியவர் சிசெஸ்டர் பேராயர் ஜார்ஜ் பெல். கென்யாவில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருந்தும், அவர்தம் வருகையைத் தடுக்க 1968இல் சட்டம் வந்தபோது அதனை எதிர்த்துப் பேசியவர் காண்டர்பரித் தலைமைப் பேராயர் மைக்கேல் ராம்சே. 2012 ஜனவரியில் அரசு உதவித்தொகைக்கு உச்சவரம்பு கட்டியபோது, குழந்தைகளுக்குரிய தொகையை அதில் சேர்க்கலாகாது என்று ரிப்பன்-லீட்ஸ் பேராயர் ஜான் பாக்கர் கொணர்ந்த திருத்தம் 252க்கு 237 என்ற வாக்குகளால் வென்றது. மக்களவை பின்னர் அதனைத் தள்ளிவிட்டது. எனினும் அரசு தன் செயலுக்கு அவையறியக் காரணம் கூற நேர்ந்தது. அவையில் பேராயர்களின் எண்ணிக்கை வலிமை சிறிது. கேள்வியை எழுப்பும் வலிமையே பெரிது.

சொந்த வீட்டின் கறை

கேள்வி எழுப்புவோரின் வீடு தூயதாக இருந்ததா என்பதும் வரலாற்றின் கேள்விதான். அடிமை வாணிகத்தை எதிர்த்த பேராயர்களுள் முன்னோடி பீல்பி போர்ட்டியஸ். நற்செய்தி பரப்புக் கழகம் எனப்படும் எஸ்.பி.ஜி. அமைப்புக்கு மேற்கிந்தியத் தீவாகிய பார்படோசில் கோட்ரிங்டன் என்னும் கரும்புத் தோட்டம் இருந்தது. அங்கு உழைத்தவர்கள் அடிமைகள். செஸ்டர் பேராயராக இருந்த போர்ட்டியஸ், 1783இல் அக்கழகத்தார் முன்னிலையிலேயே அருளுரை ஆற்றி, அவ்வடிமைகளின் நிலையை உயர்த்துமாறு வேண்டினார். கழகம் அவர் திட்டத்தை ஏற்கவில்லை. பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறை ஒழியும் வரையில் அத்தோட்டம் அடிமைகளின் உழைப்பிலேயே நடந்தது. 2006 பிப்ரவரியில் இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவை இதற்கு மன்னிப்புக் கோரிற்று.

தமிழ் வாசகர் இங்கு ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். தஞ்சையிலும் திருச்சியிலும் சாதியை விடுமாறு தமிழ்க் கிறித்தவர்களிடம் வற்புறுத்திய மிஷன்களை நடத்தியதும் இதே கழகந்தான்.

1813ஆம் ஆண்டுக் கும்பினிப் பட்டயச் சட்டம் கல்கத்தாவுக்கு ஓர் ஆங்கிலிக்கப் பேராயரை அமர்த்த வழி வகுத்தது. அவருக்கு ஆண்டொன்றுக்கு 5,000 பவுன் ஊதியம் இந்திய வருவாயிலிருந்தே ஒதுக்கப்பட்டது. அச்சட்டத்தை ஒட்டி நடந்த விசாரணையில் சான்று கூறியோருள், பாராமகாலின் மேடு பள்ளங்களை நடந்தறிந்த மன்றோவும் ஒருவர். நாகரிகம் இரு நாடுகளுக்கிடையே வாணிகப் பொருளாகுமானால், அதனை இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்வதால் இங்கிலாந்தே ஆதாயம் அடையும் என்ற பொருள்பட அவர் கூறியது புகழ்பெற்ற செய்தி.

1833இல் வந்த அடுத்த பட்டயச் சட்டம் சென்னைக்கும் பம்பாய்க்கும் பேராயர்களை அளித்தது. சென்னையின் முதற் பேராயராக டேனியல் காரி 1835இல் பதவியேற்றார். சமயம், பிறந்த இடம், குலம், நிறம் ஆகியவற்றைக் காட்டி எந்த இந்தியருக்கும் கும்பினிப் பதவியை மறுக்கலாகாது என்ற புகழ்பெற்ற பிரிவும் அச்சட்டத்தில்தான் உள்ளது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டமும் நிறைவேறியது. ஆனால் கும்பினி ஆண்ட நிலப்பகுதிகள் அதிலிருந்து விலக்கப்பட்டன. தமிழகத்தின் பண்ணையாட்களுக்கு அச்சட்டம் எட்டவில்லை. அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்று விதித்த இந்தியச் சட்டம் 1843இல்தான் வந்தது.

தஞ்சைக் கட்டளை

இத்தகைய 1833ஆம் ஆண்டின் ஜூலை மாதத்தில் கல்கத்தாவிலிருந்து ஒரு மடல் தென்னகம் வந்தது. எழுதியவர் பேராயர் டேனியல் வில்சன். தென்னிந்தியத் திருச்சபைகளில் சாதி வேற்றுமையைத் தயக்கமின்றி, உடனே, முற்றாகக் கைவிட வேண்டும் என்பது அவர் கட்டளை.

அக்காலக் கோயில்களில் வேளாளக் கிறித்தவர் ஒரு புறமும் ஒடுக்கப்பட்ட சாதியினர் மறுபுறமும் அமர்ந்தனர். திருவிருந்துக்கு வருவதிலும் முன்பின் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் வந்த சுவார்ட்சு முதலிய செர்மானியக் குருமார் இதனைக் காலப்போக்கில் மறையும் வழக்கம் எனக் கருதிப் பொறுத்தனர். வில்சனுக்கு முன்னர்ப் பேராயராக இருந்து, 1826 ஏப்ரலில் திருச்சிராப்பள்ளியில் உயிர்நீத்த ரெஜினால்டு ஹீபரும், இதனை ஐரோப்பியச் சமூகப் படிநிலை போன்றதெனக் கொண்டு மென்மையாகவே அணுகினார். வில்சன் அவ்வாறு கொள்ளவில்லை. ஒரே அப்பத்தையும் ஒரே கிண்ணத்தையும் பகிர்வோர் இரு வரிசையாக நிற்பது சமயத்தின் வேரையே அறுப்பதாகும் என்பது அவர் துணிபு.

விளைவு கடுமையாயிற்று. தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் மேல்சாதிக் கிறித்தவருள் பலர் சபையை விட்டு வெளியேறினர். கட்டளைக்குப் பணியாத உபதேசியார்கள் வேலை இழந்தனர். வெளியேறியோருள் சிலர் காலப்போக்கில் திரும்பினர். சிலர் சாதியின்பால் மென்மை காட்டிய லைப்சிக் லுத்தரன் மிஷனை நாடினர்.

இவ்வெதிர்ப்பின் முன்னணியில் நின்றவர் ஒரு கவிஞர் என்பது நம் நெஞ்சைத் தொடும் செய்தி. ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), சுவார்ட்சு ஐயரின் மாணாக்கர். சரபோசி மன்னரின் நண்பர். குறவஞ்சி என்னும் சிற்றிலக்கிய வடிவைக் கிறித்தவப் பொருளுக்கு இசைவித்த அவர் புலமை ஐயத்துக்கு இடமற்றது. 1820களின் இறுதியிலேயே இளைய குருமார் சாதி வேற்றுமையை அகற்ற முற்பட்டபோது, வேளாளக் கிறித்தவரின் வழக்கங்களுக்கு ஆதரவாக அவர் உரைநடை நூல்களே எழுதினார்.

அவர்தம் முறையீட்டைப் பொதுப்படத் தள்ளிவிடுவது முறையன்று. அதில் இரு இழைகள் உள்ளன. தமிழ்க் கீர்த்தனைகளைக் கோயிலில் பாட விடாமல் தடுத்தமை, பழகிய வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்தியமை, மக்களின் விழா வழக்கங்களை விலக்கியமை ஆகியன குறித்து அவர் எழுப்பிய குரல் நியாயமானது. அயலார் ஒருவர் வந்து தமிழரின் இசையும் சொல்லும் எவ்வாறு இருக்கவேண்டும் என விதிப்பதை எந்தப் புலவர் பொறுப்பார்? ஆயின் அதே மூச்சில், உடன் வழிபடும் ஒருவர் அருகில் அமர்வதையும் அவர் மறுத்தார். தமிழையும் சாதியையும் ஒரே முடிச்சாகக் கட்டியதுதான் அவர் வாதத்தின் குறை. பண்பாட்டைக் காப்பதாக எண்ணி இழிவையும் சேர்த்துக் காத்துவிட்டார். இக்குறை அவர் ஒருவரோடு முடிந்ததாகக் கூறவியலாது.

வில்சனின் தரப்பிலும் குறை உண்டு. கட்டளை சரி, ஆனால் அதனை இட்டவர், ஆளும் இனத்தின் ஊதியம் பெறும் பேராயர். தமிழர் ஒருவரோடொருவர் சமமாக உண்ணவேண்டும் என்றவர்களுள் எத்தனைபேர் தமிழரைத் தம் மேசையில் அமர்த்தினர்? இந்த வினாவை வெளிப்படக் கேட்க ஒரு தமிழர் வரவேண்டியிருந்தது.

இருக்கை இல்லாத பேராயர்கள்

நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910இல் எடின்பரோ நகரில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் பேசினார். வெள்ளைக் குருமார் இந்தியர்க்காகப் பொருளையும் உயிரையும் தந்ததற்கு நன்றி கூறிய அவர், தமக்கு வேண்டுவது நட்பு என்று முடித்தார். இரண்டே ஆண்டுகளில், 1912 டிசம்பரில், தோர்ணக்கல் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. தெலுங்கு நாட்டின் மாலர், மாதிகர் ஆகிய ஒடுக்கப்பட்ட மக்களிடையே அவர் வாழ்நாள் கழிந்தது.

அவருக்கு இலண்டன் அவையில் இருக்கை இல்லை. இந்தியப் பேராயர் எவருக்கும் இருந்ததில்லை. ஆனால் அவர்தம் மக்களின் தலைவிதி அங்குதான் எழுதப்பட்டது. 1932ஆம் ஆண்டு வகுப்புவாரித் தீர்ப்பு இந்தியக் கிறித்தவர்க்குத் தனித்தொகுதிகள் அளித்தது. அசரியா அதனை எதிர்த்தார். சேலத்தில் பிறந்தவரும், முதல் வட்டமேசை மாநாட்டில் கலந்துகொண்டவருமான கே. டி. பாலும் தனித்தொகுதிகளை விரும்பாதவரே. கிறித்தவர் தனி அரசியல் வகுப்பாகச் சுருங்கிவிடலாகாது என்பது அவர்கள் கவலை. 1933–34இல் இந்திய அரசியல் சீர்திருத்தத்தை ஆராய்ந்த நாடாளுமன்றக் கூட்டுக்குழுவில் காண்டர்பரித் தலைமைப் பேராயர் காஸ்மோ லாங் உறுப்பினர். அதன் வழிவந்த 1935ஆம் ஆண்டுச் சட்டம் தனித்தொகுதி முறையைத் தக்கவைத்தது.

அச்சட்டத்தின்கீழ் 1936இல் பிறந்த பட்டியல் சாதிகள் ஆணை, இந்தியக் கிறித்தவர் எவரும் பட்டியல் சாதியினர் ஆகார் என்று விதித்தது. மதம் மாறியதும் சாதி நீங்கிவிட்டதாக ஏடு கூறிற்று. சேரியிலிருந்த கிறித்தவனுக்குக் கிணறும் தெருவும் அவ்வாறு கூறவில்லை. சாதியைத் திருச்சபை ஒழித்துவிட்டது என்ற கற்பனையை அரசு ஆணை உண்மையாக எடுத்துக்கொண்டது. அக்கற்பனைக்கு விலை கொடுத்தவர்கள் ஒடுக்கப்பட்டவர்கள்.

விடுதலைக்குப் பின் 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையும் பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கே உரியதாக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் வெளியே நின்றனர். 1947 செப்டம்பர் 27இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயராக 1990களில் விளங்கிய எம். அசரியா இவ்வநீதிக்கெதிராக ஓயாது குரல் கொடுத்தார். திருச்சபைக்குள் நிலவும் சாதியையும் அவர் மறைக்கவில்லை. 1996இல் இதற்கென ஒரு மசோதா வரையப்பட்டும் நாடாளுமன்றத்தில் நிறைவேறவில்லை. மதத்தையும் பட்டியல் சாதித் தகுதியையும் பிரிக்குமாறு ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. 2022இல் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைந்தது. 2023 ஏப்ரல் 19இல் தமிழ்நாடு சட்டப்பேரவை, கிறித்தவர்களாக மாறிய ஆதிதிராவிடர்க்கும் உரிமை நீட்டிக்கப்பட வேண்டும் எனத் தீர்மானம் இயற்றியது.

இலண்டனுக்குச் சென்ற சாதி

இதற்கிடையே சாதி கடல் கடந்துவிட்டது. பிழைப்புத் தேடிச் சென்றவர்களின் பெட்டியில் ஊறுகாயோடும் சாமிப் படத்தோடும் அதுவும் சென்றது. பிரித்தானியாவில் வேலையிடத்திலும் பள்ளியிலும் முதியோர் பராமரிப்பிலும் சாதி இழிவு நிகழ்வதாக ரவிதாசியரும் வால்மீகியரும் அம்பேத்கரியரும் முறையிட்டனர். அரசின் பொறுப்பில் நடந்த ஆய்வொன்று 2010 டிசம்பரில் அதற்குச் சான்று உண்டெனக் கண்டது.

2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், இனம் என்னும் வரையறைக்குள் அமைச்சர் சாதியைச் ‘சேர்க்கலாம்’ என்று மட்டுமே கூறியிருந்தது. ஆண்டுகள் கழிந்தன, எவரும் சேர்க்கவில்லை. 1987 முதல் 2006 வரை ஆக்ஸ்போர்டு பேராயராகப் பணியாற்றி ஓய்வுற்றபின், கட்சி சாராத உறுப்பினராக அவையிலிருந்த ஹாரிஸ் பிரபு 2013இல் ஒரு திருத்தம் கொணர்ந்தார். ‘சேர்க்கலாம்’ என்பதன் இடத்தில் ‘சேர்த்தல் வேண்டும்’ என வரவேண்டும் என்பதே அதன் சாரம். ஒரு வினைமுடிபில் மனிதரின் மானம் தங்கியிருந்தது.

2013 மார்ச் 4இல் பிரபுக்கள் அவை அரசின் விருப்பத்துக்கு மாறாக 256க்கு 153 என்ற வாக்குகளால் திருத்தத்தை ஏற்றது. மக்களவை தள்ளிற்று. ஏப்ரல் 22இல் மேலவை 181க்கு 168 என மீண்டும் வற்புறுத்தியது. மறுநாள் அரசு இணங்கிற்று. 1833இல் ஒரு பேராயர் சபைக்குள் இட்ட கட்டளை, 180 ஆண்டுகள் கழிந்து மற்றொரு பேராயரின் முயற்சியால் ஒரு நாட்டின் சட்டமொழியாயிற்று.

எதிர்ப்பும் எழுந்தது. சில இந்து அமைப்புகள், இச்சட்டம் இளந்தலைமுறை மறந்துவரும் சாதியை நினைவூட்டும். ஒரு சமயத்தாரைக் குற்றவாளியாக்கும் என்றன. இக்கவலையில் உண்மை சிறிதும் இல்லையென்று கூறிவிட முடியாது. ஆயினும் மறந்துவருவது யார் என்று கேட்கவேண்டும். இழிவு செய்தவர் எளிதில் மறப்பார், பட்டவர் மறப்பதில்லை.

அடுத்து நிகழ்ந்ததே இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. சட்டம் கட்டாயமாக்கிய பின்னரும் ஆணை வரவில்லை. 2014 டிசம்பரில், பீகாரிலிருந்து வீட்டு வேலைக்கு அழைத்துச் செல்லப்பட்டு மிகச்சொற்பக் கூலியில் வதைபட்ட ஒரு பழங்குடிப் பெண்ணின் வழக்கில், இனவழித் தோற்றம் என்னும் சட்டச்சொல் சாதியின் சில வடிவங்களையும் உள்ளடக்கலாம் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கருதியது. மறு ஆண்டு அவருக்கு 1,83,000 பவுனுக்கும் மிகுதியான கூலிப் பாக்கி வழங்குமாறு தீர்ப்பாயிற்று. 2017இல் அரசு பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. 16,000க்கும் மேற்பட்ட மறுமொழிகள் வந்தன. 2018 ஜூலையில், நீதிமன்றத் தீர்ப்புகளே போதும், தனிச்சட்டம் வேண்டுவதில்லை என்று அரசு அறிவித்தது.

வரலாறு கூறுவது

தஞ்சையில் கட்டளை இருந்தது. அதற்குத் துணைநிற்கும் மனம் சபையில் இல்லை. இலண்டனில் சட்டம் இருந்தது. அதனை நிறைவேற்றும் மனம் அரசில் இல்லை. இரண்டு இடங்களிலும் சாதி தப்பித்தது ஒரே வழியில்தான்: ‘இது வழக்கம், காலம் செல்லச் செல்லத் தானே மறையும்’ என்ற மென்சொல்லின் மறைவில். சுவார்ட்சு காலத்திலிருந்து அச்சொல் மாறவில்லை, சாதியும் மறையவில்லை.

அவ்வாறாயின் பேராயர் எழுப்பிய குரல் வீணா? வீணன்று. 1783இல் போர்ட்டியஸ் தோற்றார். அவர் தொடுத்த வினா ஐம்பதாண்டு கழித்து வென்றது. அவையேட்டில் பதிந்த சொல் காத்திருக்கவல்லது. ஆனால் சொல்லுக்கு வலிமை தருவது இருக்கை அன்று. சொல்பவர் தம் வீட்டையும் அச்சொல்லுக்கு உட்படுத்தும் துணிவே. கோட்ரிங்டன் தோட்டம் வைத்திருந்த கழகத்தின் சொல் தஞ்சையில் தடுமாறியது. நட்பைக் கேட்ட அசரியாவும், தம் திருச்சபையின் சாதியை மறைக்காத எம். அசரியாவும் இருக்கையின்றியே செவிகளைத் திறந்தனர்.

ஓசூர்த் தொழிற்பேட்டைக்கு இன்று பல மாநிலத்து இளைஞர் வேலைக்கு வருகின்றனர். ஆலையில் ஒரே இயந்திரத்தருகில் ஒரே சீருடையில் நிற்கின்றனர். மாலையில் வாடகைக்கு வீடு தேடும்போது எழுகிறது பழைய கேள்வி: “நீங்க எந்த ஆளுங்க?” இக்கேள்விக்கு நாடாளுமன்றத் திருத்தம் ஒன்றும் நேராக விடை தராது. கேட்பவரை நாணச் செய்யும் ஆற்றல் சட்டத்தைவிடச் சொல்லுக்கே மிகுதி. அச்சொல் கவிஞர்களிடம் உள்ளது. வேதநாயகரின் இசையைப் போற்றுவோம். அவர் அவிழ்க்காமல் விட்ட முடிச்சை அவிழ்ப்பது பின்வந்த தமிழ்க் கவிஞரின் கடன்.